மதகுப் பாலத்துப் பல்லக்கு

காரியக்காரர் யாங் மாடு அறுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டபோதே சோல்மிக்காரிக்குச் சந்தேகம் தட்டியது. எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர் அவர். ஜப்பான்காரப் பண்ணைக்கு வாரநெல் அளக்கும் நாளில் களத்தில் சிந்திய மணிகளைக்கூட விளக்குமாற்றால் கூட்டித் தன் சாக்கில் போட்டுக்கொள்வார். அவர் மகனுக்குக் கல்யாணம் என்றால் ஊருக்கு ஆளுக்கொரு கிண்ணம் கூழ் கிடைத்தாலே பெரிது. அப்படியிருக்க, மாட்டுக்கறிச் சாறும் மூன்று பானை அரிசிக்கள்ளும் வைத்து, கல்தே ஊரில் ஒரு வீடு விடாமல் வாசலுக்கே வந்து அழைத்துவிட்டுப் போயிருந்தார்.

"எல்லாரும் வரணும். வயசானவுக, கொழந்தைக, ஒருத்தரு பாக்கியில்லாம வரணும். அறுப்ப நாளைக்கு வெச்சுக்கலாம்" என்றார்.

அறுப்பு நாளைக் குறிப்பதும் அவர்தான். அவர் சொல்லாமல் அரிவாள் எடுக்கக் கூடாது என்பது பண்ணைக் கட்டளை. கதிர் முற்றித் தலை சாய்ந்து, கடற்கரைக் காற்றில் மணி உதிரத் தொடங்கியிருந்தது.

சோல்மி என்ற ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்ததால் அவள் சோல்மிக்காரி. அவளுடைய சொந்தப் பெயர் கப்னே என்பது அவள் புருஷனுக்கே மறந்துபோயிருக்கும். புருஷன் பெயர் தொக்சே. காரியக்காரர் வீட்டு நாய் எதிரே வந்தாலும் குனிந்து கும்பிட்டுவிட்டுப் போகிற சாது. அன்று மணப்பெண்ணின் பல்லக்கைத் தூக்கி வரப் போன நான்கு பேரில் அவனும் ஒருவன். பெண் வீட்டில் சடங்கு முடிந்து, மாப்பிள்ளை முந்தின நாளே திரும்பிவிட்டான். இன்று பெண் புகுந்த வீட்டுக்கு வருகிறாள்.

அந்த இலையுதிர்காலம் ஊர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. விளைந்ததில் பத்துக்கு ஆறு பங்கு பண்ணைக்கு வாரம். வசந்தத்தில் வாங்கிய விதைநெல்லுக்கு ஒன்றுக்கு ஒன்றரையாகத் திருப்பித் தர வேண்டும். உரக்கடன், மதகுத் தண்ணீர்த் தீர்வை எல்லாம் போக, குடியானவன் வீட்டுக்கு வருவது வைக்கோல்தான். அதையும் மறு வருஷத்துக் கடனுக்கு ஈடாக எழுதி வாங்கிக்கொள்வார்கள். இந்த வருஷம் குத்தகைக்காரர்கள் சங்கம் வைத்து, "நாலு பங்குதான் தருவோம், வட்டிக்கு வட்டி தர மாட்டோம்" என்று பண்ணைக்குச் சொல்லி அனுப்பினார்கள். பண்ணையிலிருந்து பதில் வரவில்லை. முன்னால் நின்ற ஏழு குடும்பங்களில் சோல்மிக்காரியின் குடும்பமும் ஒன்று. சங்கத்தின் பெயரைச் சொன்னாலே தொக்சே கொல்லைப்பக்கம் நழுவிவிடுவான். அவனுக்காகக் கைநாட்டு வைத்தவளும் அவள்தான்.

கல்யாண வீட்டு முற்றத்தில் அவித்த ஒட்டரிசியை மரச் சம்மட்டியால் இடித்துக்கொண்டிருந்தாள். சட்டி நிறைய சோயாச்சாறு வேண்டும் என்று சமையல்காரி குரல் கொடுக்கவே, கொல்லைப்புறத்து ஜாடி வரிசைக்குப் போனாள். ஜாடிகளுக்கு அப்பால் தானியக் கொட்டிலுக்குள் பேச்சுக் குரல் கேட்டது. காரியக்காரரும் அவர் மச்சானும்.

"மச்சான், மாட்டப் போயி அறுத்துப்புட்டீங்களே, வயிறு எரியலையா?"

"ஒரு மாடு போனா என்னடா? ஏழு வயலு வருதுல்ல? மத்தியான பஸ்ஸுல அமீனா வர்றாரு. ஏட்டும் கூட வர்றாரு. பயலுவ கறியத் தின்னுட்டு, கள்ளக் குடிச்சிட்டு மல்லாந்து கெடப்பானுவ. அவுக சாவகாசமா முளை அடிச்சுட்டுப் போவாக. எந்திரிச்சுப் பாத்தா கதிருல காயிதம் தொங்கும்!"

இருவரும் சிரித்தார்கள்.

சோல்மிக்காரியின் கையிலிருந்த அகப்பை ஜாடிக்குள்ளேயே நின்றது. அமீனா வந்து வயலில் முளை அடித்து, கோர்ட்டு முத்திரைத் தாளைக் கட்டிவிட்டால் பயிர் ஜப்தி. அதன்பிறகு அதில் ஒரு கதிரைக் கிள்ளினாலும் திருட்டு, நேராக ஜெயில். ஆனால் முளை அடிக்கும் முன்னால் அறுத்துவிட்டால்? நிற்கும் பயிருக்குத்தான் கோர்ட்டு உத்தரவு இருக்கும். அறுத்து ஒன்றாகக் குவித்த நெல்லில் எது யார் வயலில் விளைந்தது என்று எந்த அமீனா சொல்ல முடியும்?

அகப்பையை ஜாடி மூடிமேல் வைத்துவிட்டு நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் யாராவது கேட்பார்கள்.

"சோயாச்சாறு எங்கடி?" என்றாள் சம்மட்டி பிடித்திருந்த பாம்கோல்காரி.

"சாறு தொட்டுத் தின்னுற நேரமா இது? அமீனா வர்றான்டி. இன்னிக்கே, இன்னும் கொஞ்ச நேரத்துல. ஏழு வயலையும் ஜப்தி பண்ணத்தான் நமக்கு இந்த விருந்து."

பாம்கோல்காரியின் சம்மட்டி அந்தரத்தில் நின்றது. "அட நாசமாப் போறவனே! நான் ரெண்டு கிண்ணம் சாறு குடிச்சிட்டேனேடி!"

"குடிச்சது நல்லதாப் போச்சு, தெம்பா அறுக்கலாம். பொம்பளைங்ககிட்ட சொல்லு. ஒவ்வொருத்தியா வெளிய போயி அரிவாள் எடுத்துக்கிட்டு வாங்க. கத்தாம போங்க."

வாசல் பந்தலில் மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்துக்குத் தலைவர் மேங். கைச்சேகண்டியைத் தட்டி மற்ற மேளங்களை ஆட்டிவைப்பவர். அவரும் ஏழு குடும்பங்களில் ஒருவர். அப்போதுதான் கள்ளுக் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோயிருந்தார்.

"மேங் அண்ணே, அதக் கீழ வைங்க" என்று ஆரம்பித்து, காதோடு விஷயத்தைச் சொன்னாள்.

அவர் முகம் கறுத்தது. "படுபாவி! ஆனா கல்யாண மேளத்த நடுவுல நிறுத்தினா பாவம் சேருமே, சோல்மிக்காரி."

"நிறுத்தச் சொன்னேனா? அடிச்சுக்கிட்டே வயலுக்கு நடங்க."

 மேங் கிண்ணத்தை ஒரே மடக்கில் காலி செய்துவிட்டு எழுந்து சேகண்டியை ஓங்கித் தட்டினார். ணங், ணங், ணணங்! மத்தளமும் உடுக்கையும் சேர்ந்துகொண்டன. கூட்டம் எழுந்தது. மேளம் வாசலைத் தாண்டியதும் காரியக்காரர் அங்கவஸ்திரம் பறக்க ஓடி வந்தார்.

"எங்கடா கெளம்பிட்டீங்க?"

"பொண்ண எதிர்கொண்டு அழைக்கப் போறோம் எசமான்!" என்று இடுப்பு வளைய வணங்கினார் மேங்.

"பேஷ், பேஷ்! பலமா அடிங்கடா, பக்கத்து ஊருக்குக் கேக்கணும்!"

"கேட்டுரும் எசமான், நல்லாவே கேட்டுரும்!"

ஊர் தாண்டி வயலில் இறங்கும்வரை மேளம் கல்யாண ஊர்வல நடையில்தான் போனது. இறங்கியதும் மாறியது. நடவுக்கும் அறுப்புக்கும் அடிக்கிற அடி அது. கேட்டால் கால் தானாகக் குதிக்கும். பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கல்யாணத்துக்கென்று உடுத்திய வெள்ளைத் துணிகளோடு ஆண்கள் சேற்றில் குதித்தார்கள். ஏழு குடும்பத்தைச் சேராதவர்களும் வந்தார்கள். "இன்னிக்கு அவுக வயலு, நாளைக்கு நம்ம வயலு" என்று யாரோ சொன்னார், அது போதுமாயிருந்தது. அரிவாள்கள் சரசரவென்று ஓடின. அறுத்த அரியைக் கட்டுவதற்கு ஒரு கூட்டம், முதுகில் மாட்டும் மரச்சட்டத்தில் ஏற்றிக்கொண்டு ஊர்க்களத்துக்கு ஓட ஒரு கூட்டம். திருவிழாவா சண்டையா என்று தெரியாத மாதிரி சத்தம்.

சோல்மிக்காரி இரண்டு அரி அறுத்திருப்பாள். அமீனா வந்துவிட்டாரோ என்று சந்தேகம் வந்து கடல் தடுப்புக் கரையில் ஏறிப் பார்த்தாள். இந்த வயல்களெல்லாம் கடலைத் தடுத்து எடுத்தவை. வெளியூரிலிருந்து வர அந்தக் கரைதான் ஒரே வழி. நடுவில் மதகு, மதகின்மேல் ஒரு குறுகிய மரப்பாலம். ஒரு பக்கம் வாய்க்கால் நிறையத் தண்ணீர், மறுபக்கம் இடுப்பளவு கடற்சேறு.

பல்லக்கு பாலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், பஸ் நின்று கிளம்பிய புழுதி.

அவள் ஓடினாள். இந்தத் தடவை மறைக்க ஒன்றுமில்லை. பாவாடை காற்றில் படபடக்க, தலைமுடி அவிழ, பாலத்தின் நடுவில் பல்லக்கின் எதிரே போய் நின்று மூச்சு வாங்கினாள்.

"எறக்குங்க" என்றாள்.

முன்கம்பைத் தாங்கி நின்ற தொக்சே விழித்தான். "இங்கயா? பாலத்து மேலயா? ஒனக்கென்ன கிறுக்கா?"

"கிறுக்குத்தான். அமீனா வர்றாங்க, திரும்பிப் பாருங்க. இத இங்க எறக்கிட்டு நாலு பேரும் வயலுக்கு ஓடுங்க."

"அடியே, நடுவழியில பொண்ண வுட்டுட்டா காரியக்காரரு தோல உரிச்சுருவாருடி."

"உரிக்க இன்னும் தோலு மிச்சம் இருக்கா ஒங்க ஒடம்புல?"

 தொக்சேயின் தோளில் கம்பு அழுத்திய இடத்தில் வியர்வை ஊறியிருந்தது. தலையைத் திருப்பிப் பின்னாலிருந்தவர்களைப் பார்த்தான். அவர்கள் அவனைப் பார்த்தார்கள். வயலிலிருந்து மேளச் சத்தம் காற்றில் ஏறி இறங்கியது. அவன் மெல்ல முழங்காலை மடித்தான். மற்ற மூவரும் மடித்தார்கள். பல்லக்கு பாலத்தை முழுசாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. நான்கு பேரும் திரும்பிப் பாராமல் ஓடினார்கள்.

பல்லக்கின் திரை விலகியது. கன்னத்தில் சிவப்புப் பொட்டும் தலையில் குலுங்கும் மணமுடியுமாக ஒரு வட்ட முகம் எட்டிப் பார்த்தது. ஓக்தான் என்று பெயர். பதினெட்டு வயதுதான் இருக்கும்.

"என்ன ஆச்சு? வீடு வந்துருச்சா?"

"இல்லம்மா. கொஞ்ச நேரம் இங்க இருக்கணும்." சோல்மிக்காரிக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இடுப்பில் முடிந்திருந்த இடித்த ஒட்டரிசிப் பலகாரமான தொக் துண்டு இரண்டை எடுத்து நீட்டினாள். "சாப்புடு. எதுவும் தின்னிருக்க மாட்டே."

ஓக்தான் ஒரு துண்டை அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள். "காலைலேருந்து பச்சத்தண்ணிகூடக் குடுக்கல" என்றாள் நிறைந்த வாயோடு. "பொண்ணு பசின்னு சொல்லக் கூடாதாம்."

சோல்மிக்காரி எல்லாவற்றையும் சொன்னாள். சுருக்கமாக, வயல் பக்கமும் சாலைப் பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே. ஓக்தான் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். எங்க மாமனாரு நல்லவரா?"

"ஒன்ன நல்லாத்தாம்மா வெச்சுக்குவாரு."

"நான் அதக் கேக்கல."

"...இல்லம்மா. நல்லவரு இல்ல."

ஓக்தான் இரண்டாவது துண்டைப் பிட்டாள். "எங்க வீட்டுலயும் ஒரு தடவ அமீனா வந்து காயிதம் ஒட்டினான். எங்கம்மா மொளகாத்தூள் ஜாடி மேலகூட ஒட்டினான். ஒரு மாசம் உப்ப மட்டும் போட்டுச் சாப்புட்டோம்." கொஞ்சம் யோசித்தாள். "புகுந்த வீட்டு வாசல்ல வைக்கோல் தீயத் தாண்டற வரைக்கும் என் காலு மண்ணுல படக் கூடாது. பட்டா அந்தக் குடும்பத்துக்கே ஆவாது. சொல்லித்தான் அனுப்பினாங்க."

"அப்ப நீ எறங்க மாட்டே?"

"நான் எப்படி எறங்க? அவசரம்னாலும் கவலையில்ல, பித்தளைச் சட்டி உள்ளயே இருக்கு." திரை மூடிக்கொண்டது. உள்ளே களுக்கென்று ஒரு சிரிப்பு.

அமீனா வந்து சேர்ந்தார். கண்ணாடி போட்ட குள்ளமான ஜப்பான்காரர். கையில் தோல்பை. முளைக்கட்டைகளைச் சுமந்தபடி ஒரு கூலியாள். கூட வந்த ஏட்டு நம் நாட்டுக்காரன்தான், ஆனால் மீசையை மட்டும் அவர்களைப் போல நறுக்கியிருந்தான்.

"ஏ பொம்பளே! பல்லக்கத் தள்ளு!"

"தள்ளுறதுக்கு இது என்ன பூசணிக்காயா, ஏட்டய்யா?"

"தூக்கறவனுங்க எங்க?"

"பொண்ணு வீட்டுல போட்ட கறி ஒத்துக்கலையாம். வயித்தப் புடிச்சுக்கிட்டு ஓடிட்டாங்க."

"நாலு பேருக்குமா?"

"ஒரே சட்டியிலதானே தின்னாங்க."

ஏட்டு அமீனாவிடம் மொழிபெயர்த்தான். அமீனா தலையாட்டி, தூரத்து மேளத்தைக் கைகாட்டி ஏதோ கேட்டார். "கல்யாண மேளம்னு சொல்லுங்க" என்றாள் சோல்மிக்காரி. அமீனா மரியாதையாகத் தொப்பியை எடுத்துப் பல்லக்கைப் பார்த்து வணங்கிவிட்டு, முளைக்கட்டைகளின்மேல் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார். சோல்மிக்காரிக்குச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்க வேண்டியிருந்தது.

அந்தச் சிகரெட்டும் அடுத்ததும் முடிந்த பிறகுதான் காரியக்காரர் வந்தார். வாய்க்கால் கரையோடு தலைகால் தெரியாமல் ஓடி வந்தார். குதிரைமயிர்த் தொப்பி ஒரு காதில் தொங்கியது.

"அறுக்கறானுவ! பூராத்தையும் அறுக்கறானுவ! நீங்க இங்க என்ன பண்றீங்க?"

அமீனா சிகரெட்டைக் கீழே போட்டு எழுந்தார். ஏட்டு திரையில் கை வைத்தான். "கீழ எறங்கும்மா!"

"கைய எடுங்க" என்றது உள்ளிருந்து ஒரு நிதானமான குரல். "மாமா, நீங்க சொல்லுங்க. எறங்கட்டுமா? நீங்க ஒரு வார்த்த சொன்னா இப்பவே எறங்கறேன். ஆனா நாளப்பின்ன ஒங்க வீட்டுல எது நடந்தாலும் என் கால்ல பழி போடக் கூடாது."

காரியக்காரரின் வாய் திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. ஏழு வயலும் ஒரு கண்ணில் தெரிந்தன, ஒரே மகன் மறு கண்ணில் தெரிந்தான். "எறங்காதே தாயி" என்றார் கடைசியில், அழாக்குறையாக. "தூக்குவோம். நாமளே தூக்குவோம்."

அமீனா, ஏட்டு, கூலியாள், காரியக்காரர் என்று நான்கு பேர் கம்பின்கீழ் தோளைக் கொடுத்தார்கள். ஏட்டு நெட்டை, அமீனா குட்டை. பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. உள்ளே ஓக்தான் வீறிட்டாள். பயந்து வீறிட்ட மாதிரி சோல்மிக்காரிக்குத் தோன்றவில்லை. காரியக்காரர் இரண்டடி வைத்தார். மூன்றாவது அடிக்குப் பாலத்தில் பலகை இல்லை. தொபீரென்று வாய்க்காலில் விழுந்தார். பட்டுச் சட்டை பலூன் மாதிரி உப்பித் தண்ணீரில் மிதந்தது.

அவரைக் கரையேற்றி, வாந்தி எடுக்க வைத்து, மச்சானும் டவுன் விருந்தாளிகளும் வந்து பல்லக்கைத் தூக்கி அப்பால் வைப்பதற்குள் வெயில் மலைப்பக்கம் சாய்ந்துவிட்டது. ஏட்டு சோல்மிக்காரியின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று வயலுக்கு இழுத்துப் போனான்.

வயல் இருந்த இடத்தில் வெறும் தாள் இருந்தது. மேங்கின் வயல் மொட்டை. பாம்கோல்காரியின் வயல் மொட்டை. ஆறு வயலும் மொட்டை. ஊர்க்களத்தில் கூரை உயரத்துக்கு அரி குவிந்திருக்க, அதைச் சுற்றி மேளம் இன்னும் ஓயவில்லை. ஒரே ஒரு வயலில் மட்டும் பாதிக்கு மேல் கதிர் பொன்னாக நின்றது.  அது சோல்மிக்காரியின் வயல்.

"ஏங்க! நம்ம வயல ஏன் வுட்டீங்க?" என்று அலறினாள்.

தொக்சே கையில் அரிவாளோடு, முழங்கால்வரை சேற்றோடு நின்றான். "கடைசியா வெச்சுக்கலாம்னேன்" என்றான். "நீதானே எல்லாரையும் கெளப்பி வுட்டே. நம்மளத மொதல்ல அறுத்தா ஊரு என்ன சொல்லும்?"

பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. திட்டத்தான் வாயைத் திறந்தாள். திட்டாமல் அவன் கன்னத்தில் தெறித்திருந்த சேற்றைத் துடைத்துவிட்டாள்.

அமீனா உத்தரவைப் பிரித்து வயல் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் தாளைப் பார்த்தார், பிறகு வெறும் நிலத்தைப் பார்த்தார். கடைசி எண்ணுக்கு மட்டும் முளை அடித்து முத்திரைத் தாளைக் கட்டினார். குவியலைக் காட்டிக் காரியக்காரர் நனைந்த கோழியாகக் குதித்தார். அமீனா மறுத்துத் தலையை ஆட்டினார். ஏட்டு மொழிபெயர்த்தான்: "நிக்கற பயிருக்குத்தான் உத்தரவாம். குவியலுக்குப் புதுசா மனு போடணுமாம்."

கூட்டம் 'ஹோ'வென்று ஆர்ப்பரித்தது. அந்தச் சத்தத்தில் களத்து மேட்டுக் கொக்குகளெல்லாம் ஒன்றாகப் பறந்தன.

ஏட்டு வெறுங்கையோடு போகத் தயாராயில்லை. "பல்லக்க நடுவழியில எறக்கச் சொன்னவ இவ. இவளயும் அந்த மேளக்காரனையும் கொண்டு போறேன்."

"எறக்கினது நான்" என்றான் தொக்சே. குனியாமல் நின்றுதான் சொன்னான்.  "அவ சொன்னா. ஆனா எறக்கினது நான்தான்."

கன்னத்தில் ஓங்கி ஒன்று வாங்கிக்கொண்டு அவனும் சேர்ந்து போனான்.

டவுன் லாக்கப்பில் மூவரும் முதல் பனி விழும்வரை கிடந்தார்கள். அடி உதை இல்லாமலில்லை. மேங்குக்கு ஒரு காது அதன்பிறகு சரியாகக் கேட்கவில்லை. கல்தே பெண்கள் முறைவைத்து ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தார்கள். விரட்டினால் எழுந்து எதிர்க்கடை வாசலில் உட்கார்ந்தார்கள். காரியக்காரர் வீட்டிலிருந்துகூட ஒருநாள் கருவாடும் கிம்ச்சி ஊறுகாயும் வந்தன. கொண்டுவந்தவன் புது மாப்பிள்ளை. "அவ குடுத்தனுப்பினா. அப்பாவுக்குத் தெரியாது" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடிப்போனான். குடும்ப மானத்தைக் காக்க ஒரு பகல் முழுக்கக் காலைத் தரையில் வைக்காத மருமகளை வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையாம்.

பண்ணை புது மனுப் போட்டது. ஆனால் கோர்ட்டு நடந்து முடிய அடுத்த நடவு வந்துவிடும். ஜப்பானுக்கு அரிசி ஏற்ற வேண்டிய கப்பலோ துறைமுகத்தில் காத்து நின்றது. கடைசியில் பண்ணையிலிருந்து ஆள் வந்து பேசினார்கள். வாரம் பாதிக்குப் பாதி, அந்த வருஷத்து விதைநெல்லுக்கு வட்டி தள்ளுபடி என்று முடிந்தது. நாலு பங்கு என்று கேட்டவர்களுக்கு அது முழு வெற்றி இல்லை. ஆனால் குளிர்காலம் முழுக்க அடுப்பு எரிகிற அளவு நெல் வீட்டில் நின்றது, கல்தேயில் அதைப் பார்த்தவர்கள் அதுவரை யாருமில்லை. காரியக்காரர் காரியக்காரராகவே இருந்தார். களத்தில் சிந்தியதைக் கூட்டுவதை மட்டும் விட்டுவிட்டார்.

சோல்மிக்காரியின் வயலில் ஜப்தியான கதிர் ஏலத்தில் போய்விட்டது. அவர்கள் விடுதலையாகி வந்தபோது வாசலில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. மற்ற ஆறு குடும்பமும் கொண்டுவந்து போட்டது.

"இதென்னடி கடனா?" என்று பாம்கோல்காரியிடம் பாய்ந்தாள் சோல்மிக்காரி. "திருப்பித் தர எனக்குத் தெம்பில்ல, எடுத்துக்கிட்டுப் போங்க!"

"கடனாம், கடன்! பேசாம உள்ள தூக்கி வைடி. ஒம் புருஷன் அன்னிக்கு அறுத்துக் குடுத்த கூலி இது."

அந்த வசந்தத்தில் சங்கத்துக்குப் புதுத் தலைவர் வேண்டியிருந்தது. கூட்டத்தில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் தொக்சேயின் பெயரைச் சொன்னார்கள். அவன் எழுந்து நின்றான். கையைப் பின்னால் கட்டினான், முன்னால் கட்டினான்.  பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

சோல்மிக்காரி திரும்பிப் பார்த்து அதட்டினாள். "வாய மூடிக்கிட்டுக் கேளுங்க. அவரு பேசப் போறாரு."